வாயில்லாதவருக்காக யார் பேசுவது?

 

 

ஃபிர்அவ்னிடம் போகும்படி கட்டளை வந்தபோது மூஸா (அலை) அவர்கள் படையைக் கேட்கவில்லை. தம்மைவிடத் தெளிவாகப் பேசக்கூடிய சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணைக்குக் கேட்டார்கள். சூரா கஸஸில் பார்க்கிறோம். உண்மை தம் பக்கம் இருந்தும், அதை எடுத்துச் சொல்ல ஒரு நாவு வேண்டும் என்று ஒரு நபியே கேட்டிருக்கிறார்கள். அப்படியென்றால், சம்மனைக் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்ற வாசலில் நிற்கும் கூலித் தொழிலாளியின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. வழக்குக் கொண்டு வருபவர்களில் ஒருவர் மற்றவரைவிட வாதத் திறமை உள்ளவராக இருக்கலாம், தாம் கேட்டதை வைத்தே தீர்ப்புச் சொல்வதாகவும், அப்படித் தவறாகக் கைக்கு வரும் அடுத்தவர் உரிமை நெருப்புத் துண்டு என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். வழக்கில் ஜெயித்தவனுக்கான எச்சரிக்கையாகத்தான் இதை நாங்கள் மதரஸாவில் படித்தோம். தோற்றவனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நீதிபதி எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், ஒரு தரப்புக்குப் பேச ஆளில்லை என்றால் தீர்ப்பு பிசகும்.

இதை நான் கிதாபில் மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பஞ்சாயத்தில் உட்கார்ந்திருந்தேன். கணவர் தரப்பில் நான்கு பெரியவர்கள். திரைக்குப் பின்னால் கைக்குழந்தையோடு அந்தப் பெண், தகப்பன் இல்லாதவர். "என்னம்மா சொல்றீங்க?" என்று கேட்டபோது அழுகைதான் வந்தது. நிகாஹில் கன்னிப்பெண்ணின் மௌனம் சம்மதம் என்று படித்தவர்கள் நாங்கள். அழுகையையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டோம். ஒப்பந்தத்தை எழுதியது என் கை. அரசாங்கச் செலவில் அவருக்கு ஒரு வக்கீல் கிடைப்பார் என்பது அன்று எனக்கே தெரியாது.

நம் மாவட்டத்து வாச்சாத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரம். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்தப் பழங்குடி ஊருக்குள் நுழைந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அநியாயத்துக்கு உள்ளானவர்களையே கைது செய்து சிறையிலும் அடைத்தார்கள். போலீஸே எதிர்த்தரப்பு, யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் மார்க்சிஸ்ட் கட்சியினரும் அவர்களுக்காக அலைந்தார்கள். உயர் நீதிமன்றம்வரை போய் சிபிஐ விசாரணை வந்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள். 2023ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முதல் தீர்ப்புக்கே 19 ஆண்டுகள். பேச ஆள் கிடைத்த ஊருக்கே இந்த நிலை!

மக்காவில், நபித்துவத்துக்கு முன், யமனிலிருந்து வந்த ஒரு வியாபாரியின் சரக்கை வாங்கிக்கொண்டு ஆஸ் இப்னு வாயில் பணம் தர மறுத்தான். வெளியூர்க்காரருக்கு அங்கே கோத்திர பலம் கிடையாது. அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் சிலர் கூடி, அநியாயம் செய்யப்பட்டவர் யாரானாலும் அவர் பக்கம் நிற்போம் என்று ஒப்பந்தம் செய்தார்கள். ஹில்ஃபுல் ஃபுளூல் என்பது அதுதான். அதில் கலந்துகொண்ட நபி (ஸல்) அவர்கள், இஸ்லாம் வந்த பிறகும் அப்படி அழைக்கப்பட்டால் ஏற்பேன் என்றார்கள். வாச்சாத்திக்காக அலைந்தவர்களை நினைக்கும்போது எனக்கு அந்த ஒப்பந்தம்தான் ஞாபகம் வருகிறது. நம் ஜமாஅத்துகள் அப்போது எங்கே இருந்தன என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

நம் நாட்டில் இது சட்டமாகவே இருக்கிறது. இலவச சட்ட உதவியை 1976ல் அரசியல் சாசனத்தில், 39அ பிரிவாகச் சேர்த்தார்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோரிடம் வருமானம் எவ்வளவு என்றுகூடக் கேட்கக் கூடாது. ஆனால் பணம்? இந்திய நீதி அறிக்கை 2025ன்படி சட்ட உதவிக்கு ஆண்டுக்குத் தலைக்குச் சுமார் 6 ரூபாய்தான் செலவாகிறது. பஸ் நிலையத்தில் ஒரு டீ கூட வராது. ஊர் ஊராகப் போய் மக்களை வக்கீலிடம் கொண்டுசேர்க்க வேண்டிய சட்டத் தன்னார்வலர்களின் எண்ணிக்கையும் 2019க்கும் 2024க்கும் இடையில் 38 விழுக்காடு குறைந்துவிட்டது.

"அரசு குறைத்தால் என்ன ஹஸ்ரத், பைத்துல் மாலிலிருந்து கொடுப்போமே" என்கிறார்கள் சிலர். கொடுப்போம். ஆனால் ஸதகா கொடுப்பவர் தமக்குப் பிடித்தவருக்குத்தான் கொடுப்பார். மதீனாவில் ஒரு கவசம் திருட்டுப்போய், பழி ஒரு யூதர் மேல் விழுந்தது. திருடியவனின் உறவினர்கள் கூட்டமாக வந்து அவனுக்காகப் பரிந்து பேசினார்கள். சூரா நிஸாவின் 105ஆம் வசனமும் அதைத் தொடர்ந்தவையும் அந்த நிகழ்ச்சியில் இறங்கின என்று தஃப்ஸீர்கள் சொல்கின்றன. அந்த யூதர் குற்றமற்றவர் என்று தெளிவானது. யாருக்கும் பிடிக்காதவனுக்கும் பேச ஆள் வேண்டும். அவனுக்கு எந்தப் பைத்துல் மால் கொடுக்கும்? அதனால்தான் இது ஹக் என்கிறேன். கொடுப்பவரின் இரக்கத்தை நம்பி ஒரு ஹக்கை விட முடியாது. அரசிடம் உரிமையாகவே கேட்க வேண்டும்.

தருமபுரி மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கட்டணமில்லாமல் பேசலாம். இனி நம் பள்ளியில் எந்தப் பஞ்சாயத்து என்றாலும், சம்பந்தப்பட்ட பெண் தாமே தேர்ந்தெடுத்த ஒருவர் அவருக்காகப் பேசாமல் நான் பேனாவைத் தொடமாட்டேன் என்று முத்தவல்லியிடம் சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண்ணின் தாயாரைப் போன வாரம் போய்ப் பார்த்தேன். எண்ணை எழுதிக் கொடுத்தேன். மகள் இன்னும் கூப்பிடவில்லையாம். கூப்பிட்டால் நீதிமன்றம்வரை நானே கூட வருவதாகச் சொல்லியிருக்கிறேன். அன்று எழுதிய ஒப்பந்தத்தின் நகல் என்னிடம்தான் இருக்கிறது.