அடைக்கலப் பொருள்

‘சர்வர்’ என்ற சொல்லைக் கேட்டால் என் போன்றவர்களுக்கு இன்னமும் தோளில் துண்டோடு, விரல்களுக்கிடையே நாலு தம்ளர்களைப் பிடித்துக்கொண்டு வரும் ஓட்டல் சிப்பந்திதான் நினைவுக்கு வருகிறார். ஆகவே, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேலையாயிருக்கும் என் நண்பரின் மகன் விடுமுறையில் வந்திருந்தபோது, “சில நூறு சர்வர்களை நான்தான் பார்த்துக்கொள்கிறேன், மாமா” என்று சொன்னதும், “அத்தனை பேருக்கும் சம்பளம் கொடுத்துக் கட்டுபடியாகிறதா?” என்று கேட்டுவிட்டேன்.

அவன் சிரித்து ஓய்ந்த பிறகு விளக்கினான். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கும் அலுவலகத்தாருக்கும் இரவும் பகலும் ஓய்வின்றி ஓடும் கம்ப்யூட்டர் வேண்டியிருக்கிறது. ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்தால் பணமும் விரயம், மின்சாரமும் விரயம். அதனால் சில பெரிய யந்திரங்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் பல பாகங்களாகத் தடுத்துக் குடித்தனம் விடுகிறார்கள். ஒவ்வொரு குடித்தனக்காரரும் தமக்கென்றே தனி வீடு இருப்பதாக எண்ணிக்கொள்ளலாம். தனி வாசல், தனிப் பூட்டு. உண்மையில் சுவர் மட்டுந்தான் தனி, கூரை ஒன்று.

“நம் ஊர் ஒண்டுக் குடித்தனம் என்று சொல்லேன்” என்றேன்.

“அதேதான். வீட்டுக்காரர் பல்கலைக்கழகம். சாவிக்கொத்து என் இடுப்பில்” என்றான்.

இந்த ஏற்பாடு நேற்று முளைத்ததன்று. 1960களிலேயே ஐ.பி.எம். கம்பெனியார் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் கேம்பிரிட்ஜில் இருந்த தங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரே யந்திரத்தைப் பல யந்திரங்களாகத் தோன்றச் செய்துவிட்டார்கள். 1972-இல் அதை வி.எம்/370 என்ற பெயரில் வெளியிட்டார்கள். ஸ்டான்போர்டைச் சேர்ந்த சிலர் 1998-இல் தொடங்கிய வி.எம்வேர் கம்பெனியும், இங்கிலாந்துக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து 2003-இல் வெளிவந்த ஜென் என்ற ஏற்பாடும் பழைய யோசனையைச் சிறிய யந்திரங்களுக்கும் கொண்டுவந்தன.

அதற்கு முன்பெல்லாம் பேராசிரியரின் மேஜைக்கடியிலேயே யந்திரம் இருக்கும். ஸ்விட்சர்லாந்தில் செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில், 1990-இல் டிம் பெர்னர்ஸ்-லீ உலகத்தின் முதல் வலைத்தளத்தை நடத்திய கம்ப்யூட்டரின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார். இது சர்வர், அணைத்துவிடாதீர்கள் என்று சிவப்பு மையில் கையால் எழுதிய சீட்டு. யாராவது போகிற போக்கில் அணைத்திருந்தால், அந்த நிமிஷத்தில் உலகத்தில் வலைத்தளம் என்று ஒன்று இல்லாமலே போயிருக்கும். ஒரு துண்டுக் காகிதம் காத்தது!

இன்று அந்தச் சீட்டை ஒட்ட முடியாது. ஒட்டுவதற்கு உடம்பில்லை. பையனைப் பிடித்துக்கொண்ட சங்கடம் இங்கேதான் பிறந்தது.

அவன் பொறுப்பிலுள்ள குடித்தனங்களில் ஒன்று, நதிகளைப் பற்றி ஆராய்ந்த ஒரு பேராசிரியருடையது. அவர் காலமாகி மூன்று வருஷமாகிவிட்டது. குடித்தனம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ‘இன்னும் வேண்டுமா?’ என்று வருஷந்தோறும் கேட்கும் கடிதம் இறந்தவருடைய பெயருக்கே தானாகப் போய்க்கொண்டிருந்தது. அவருடைய துறையில் விசாரித்தால், அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியவில்லை.

“அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டுமே” என்று நமக்குத் தோன்றும். அப்படி விட்டுவிடவும் முடியாதாம். பழுது பார்க்காத வீட்டின் ஜன்னல் வழியாகத் திருடன் நுழைவதுபோல், பழைய குடித்தனத்தின் வழியே அயல் குடித்தனங்களுக்கும் ஆபத்து வரலாம். சுவர்கள் நாம் நினைக்கிற அளவு கெட்டியானவையும் அல்ல. மெல்ட்டௌன், ஸ்பெக்டர் என்ற இரண்டு குறைகள் 2018 ஜனவரியில் வெளிப்பட்டபோது, ஒரு குடித்தனத்து ரகசியம் அடுத்த வீட்டுக்குக் கசியக்கூடும் என்று உலகமே கலங்கிப்போயிற்று. அதோடு, இடம் கேட்டுக் காத்திருக்கும் புது ஆராய்ச்சியாளர்களும் இருக்கிறார்களே!

சாவி அவனிடம் இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் தடுப்பாரில்லை. பார்த்தது யாருக்கும் தெரியப்போவதுமில்லை. அழிப்பதற்கும் ஒரு கட்டளை போதும்.

நான் சற்றும் யோசிக்காமல், “மூன்று வருஷமாக யாரும் தேடவில்லையென்றால் அழித்துவிடேன், தம்பி” என்றேன்.

தங்கள் தொழிலில் ‘கூச்சல் பரீட்சை’ என்று ஒன்று உண்டு என்று அவன் சொன்னான். யாருடையது என்று தெரியாத யந்திரத்தை முதலில் அழிக்காமல் அணைத்து வைப்பார்கள். யாராவது கூச்சல் போட்டால் உடனே திரும்ப ஏற்றிவிடுவார்கள். யாரும் கூச்சல் போடாவிட்டால் வேண்டாதது என்று பொருள். இதையும் அவன் செய்து பார்த்துவிட்டான். ஒரு மாதமாக ஒருவரும் வாய் திறக்கவில்லை.

“பின் என்ன தயக்கம்?”

“கூச்சல் போடத் தெரிந்தவன்தானே மாமா கூச்சல் போடுவான்? எங்கேயோ ஒரு மாணவன் வருஷத்துக்கு ஒரு தடவை வெள்ளக் கணக்கு பார்க்க வருகிறவனாக இருக்கலாம். திறக்கவில்லையென்றால் தன்னுடைய தப்பு என்று நினைத்துப் பேசாமல் திரும்பிப் போய்விடுவான்.”

அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. எத்தனை சுலபமாக ‘அழித்துவிடு’ என்று சொன்னேன்! மௌனத்தைச் சம்மதமென்று எடுத்துக்கொள்வது, அதிகாரம் உள்ளவர்களின் பழைய வழக்கமல்லவா? நானும் அதைத்தானே செய்தேன்?

காவல் என்பது விசித்திரமான பதவி. பொருள் நம்முடையதன்று, ஆனால் அதன் உயிர் நம் கையில். சொந்தக்காரன் தன் பொருளைக் கிழிக்கலாம், எரிக்கலாம், மறக்கலாம். காவலனுக்கு அந்தச் சுதந்திரம் எதுவும் கிடையாது. அதே சமயம், எல்லாவற்றையும் என்றென்றைக்கும் வைத்துக்கொண்டிருப்பதும் தர்மமாகாது. ஒருவருக்காக அடைத்து வைத்த அறை, இன்னொருவருக்கு மறுத்த அறையாகும்.

சிலப்பதிகாரத்து மாதரியை நினைத்துக்கொண்டேன். கண்ணகியை அடைக்கலமாக ஏற்றுக்கொண்ட இடைக்குலப் பெண். கோவலன் கொலையுண்டதில் அவள் குற்றம் அணுவளவும் இல்லை. எந்த நீதிமன்றமும் அவளை அழைத்து விசாரித்திராது. ஆனாலும், அடைக்கலத்தை இழந்துவிட்டேன் என்று அரற்றி நள்ளிரவில் தீக்குளித்தாள். நாம் யாரும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, போகவும் கூடாது. ஆனால் ‘என் குற்றமன்று’ என்பதற்கும், ‘என் பொறுப்பன்று’ என்பதற்கும் உள்ள தூரத்தை அவள் நமக்குக் காட்டிவிட்டாள்.

அந்தத் தூரம் இக்காலத்திலும் அளக்கப்பட்டிருக்கிறது. 2021 டிசம்பர் 14 முதல் 16 வரை ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் பெரிய கம்ப்யூட்டரில் ஒரு விபத்து நேர்ந்தது. பழைய குறிப்புகளை அப்புறப்படுத்த வேண்டிய கட்டளை, ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றப்பட்டதால் தடம் புரண்டு, ஆராய்ச்சியாளர்களின் கோப்புகளை அழித்துவிட்டது. சுமார் 3 கோடியே 40 லட்சம் கோப்புகள், 77 டெராபைட்டுகள், 14 ஆராய்ச்சிக் குழுக்கள். அவற்றில் 4 குழுக்களின் கோப்புகளை மாற்றுப் பிரதியிலிருந்தும் மீட்க முடியாது என்று பல்கலைக்கழகமே அறிவித்தது. இத்தனைக்கும் தவறு நேர்ந்தது பத்திரமாகப் பிரதி எடுத்து வைக்கும் காரியத்தில்! யந்திரத்தை அமைத்துக் கொடுத்த கம்பெனி, முழுப் பொறுப்பும் தங்களுடையதே என்று எழுதிக் கொடுத்தது. அதையும் எல்லாரும் பார்க்க வெளியிட்டார்கள். அதனால் போன கோப்பு திரும்பவில்லை. ஆனாலும் ‘யாரைக் கேட்பது?’ என்று பாதிக்கப்பட்டவர்கள் கதவு கதவாகத் தட்ட வேண்டியிருக்கவில்லை. நஷ்டத்தைவிடக் கொடியது, நஷ்டத்துக்குப் பொறுப்பேற்க ஆளில்லாமல் போவது.

காவலனை மட்டும் சொல்லிப் பயனில்லை. கவுந்தியடிகள் கண்ணகியை ஒப்படைத்தபோது, இவள் எத்தகையவள், எப்படிப் பேண வேண்டும் என்று சொல்லித்தான் ஒப்படைத்தார். நம் பேராசிரியரோ விண்ணப்பத்தில் கையெழுத்திட்டபோது, தமக்குப் பிறகு யார் என்று எழுதவில்லை. அவரைக் குறை கூறலாமா? விண்ணப்பத்திலேயே அந்தக் கேள்வி இருந்திருக்காது. ‘எவ்வளவு இடம் வேண்டும்?’ என்று கேட்கிற நாம், ‘எதுவரை வேண்டும்? பிறகு யாரிடம்?’ என்று கேட்கக் கூசுகிறோம். பெண் பார்க்கும் இடத்தில் மரணத்தைப் பேசுவதுபோல அது அபசகுனமாகத் தோன்றுகிறது.

காலையில் பையனிடம் என் முந்தைய யோசனையை வாபஸ் வாங்கிக்கொண்டேன். அவன் அதற்குள் தானே ஒரு முடிவுக்கு வந்திருந்தான். குடித்தனத்தைத் திறக்காமல் ஒரு பிரதி எடுத்துத் தனியே வைப்பது. யந்திரத்தை அணைத்தபடியே வைப்பது. தேடி வருகிறவர்கள் வெறும் கதவில் முட்டிக்கொள்ளாமல், யாரைக் கேட்கலாம் என்று ஓர் அறிவிப்பை அதே விலாசத்தில் போடுவது. துறைத் தலைவருக்கும் பேராசிரியரின் மனைவிக்கும் எழுதிக் கேட்பது. ஒரு முழு வருஷம் பொறுப்பது. வெள்ளம் வருஷத்துக்கு ஒரு முறைதானே வருகிறது? அதன் பிறகு, திறப்பதானாலும் அழிப்பதானாலும், தனியாகச் செய்யாமல் சாட்சியோடும் கையெழுத்தோடும் செய்வது.

சமீபத்தில் கடிதம் போட்டிருந்தான். அந்த அம்மாள் பதில் எழுதினாராம். அதில் என்ன இருக்கிறதென்று தமக்குத் தெரியாது, தூங்கப் போகுமுன் தம் கணவர் தினமும் அதைத் திறந்து பார்ப்பார் என்பது மட்டுந்தான் தெரியும் என்று எழுதியிருந்தாராம். வருஷம் இன்னும் முடியவில்லை.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் பரணைப் பார்த்தேன். அங்கே ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன நண்பர் ஒருவர், “அடுத்த மாதம் வந்து எடுத்துக்கொள்கிறேன்” என்று வைத்துவிட்டுப் போனது. இருபத்திரண்டு வருஷமாகிவிட்டது. அவரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. திறந்து பார்க்காததே பெரிய யோக்கியதை என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய பழைய விலாசம் எங்கோ ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. தேடிக்கொண்டிருக்கிறேன்.