எழுத்தில் தெளிவும் நெஞ்சில் நேர்மையும்

தெளிவாக எழுதுதல் மொழித்திறமா, அன்றி ஒழுக்கமா? ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் பிறந்த சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியாரின் எழுத்தை எண்ணுங்கால் இவ்வினா இயல்பாகவே எழுகின்றது. அவர் பிறந்த இல்லம் இன்று நினைவில்லமாக விளங்குகிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் அருகருகே வழங்கும் எல்லைப்புறம் அது. அத்தகைய மண்ணில் வளர்பவன், தான் சொன்னது கேட்டவருக்கு விளங்கிற்றா என்று நோக்கும் பழக்கத்தை இளமையிலேயே பெறுகிறான் போலும்.

1929-இல் திருச்செங்கோட்டை அடுத்த காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்கின் பொருட்டு 'விமோசனம்' என்னும் மாத இதழை அவர் நடத்தினார். கல்கி அதற்குத் துணைநின்றார். எழுத்தறிந்தோர் அருகியிருந்த காலம். ஒருவர் படிக்கப் பலர் கேட்கத்தக்க எழுத்தே கிராமத்தில் பயன்படும். காதால் கேட்டு விளங்காத வாக்கியம் கண்ணால் படித்தாலும் பெரும்பாலும் விளங்குவதில்லை. ஆகவே, எழுதியதை ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்தல் எவர்க்கும் கைவரும் பயிற்சியாம். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை வெட்டலாம். நாக்குத் தடுமாறும் இடத்தில் எண்ணமே தடுமாறியிருத்தல் கூடும். அங்கே வெட்டினால் போதாது, மீண்டும் சிந்திக்க வேண்டும். இரசாயன சாத்திரத்துக்கே 'திண்ணை ரசாயனம்' என்று பெயரிட்டு எழுதத் துணிந்தவர் இராஜாஜி.

எளிமையில் ஆழம் இராது என்பார் உளர். 'சக்கரவர்த்தித் திருமகன்' 1958-இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றதை அவர்க்கு விடையாகக் கூறலாம். எனினும் பரிசு ஒரு வாதமாகாது. திருக்கோட்டியூரில் மறைபொருளை ஊரறியச் சொன்னார் எதிராசர் என்று குருபரம்பரை கூறுகிறது. அவர் வழிவந்தோர், பொருளைப் பூட்டி வைப்பதே புலமை எனக் கொள்வது பொருந்துமோ?

தெளிவாகச் சொன்னதனாலேயே ஒரு கருத்து சரியாகிவிடாது என்பதையும் மறத்தலாகாது. 1953-இல் முதலமைச்சராக இருந்த இராஜாஜி ஒரு தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொணர்ந்தார். பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் சிறுவர் பெற்றோரின் தொழிலைப் பயில வேண்டும் என்பது அது. எதிர்த்தோர் அதனைக் குலக்கல்வி என்றனர். 1954-இல் அவர் பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் திட்டத்தைக் கைவிட்டார். தெளிவாக உரைப்பவனுக்கு இந்த இடர் என்றும் உண்டு. அவன் சொன்னது இன்னதென்று யாவர்க்கும் தெரியும். ஆதலால் மறுக்கவும் இயலும். 'ஆவன செய்யப்படும்' என்று எழுதுபவருக்கோ அவ்வச்சம் இல்லை. யார் செய்வார், என்று செய்வார், எதனைச் செய்வார் என்று எதுவும் அதில் இல்லையே! அச்சொற்றொடர் எவ்வளவு வசதியானது என்பதை மனு எழுதிக் காத்திருந்தோர் நன்கறிவர்.

இக்குறை அலுவலகங்களுக்கே உரியதன்று. ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிலாளி காலை முறைக்கு வரத் தவறுகிறான். மறுநாள், 'தவிர்க்க இயலாத காரணத்தால்' என்று தொடங்கி, மதிப்புரைகளால் நிரம்பிய ஒரு கடிதம் எழுதுகிறான். மேற்பார்வையாளர் தமிழைத் தட்டுத்தடுமாறிப் படிக்கும் கன்னடக்காரராயின், விஷயம் எங்கே என்று அவர் தேட வேண்டியிருக்கும். சொல்ல வேண்டியதை முதல் வரியிலேயே சொல்லலாமன்றோ? அத்தொடரை அடித்துவிட்டு, 'இரவு நெடுநேரம் விழித்திருந்து, காலையில் உறங்கிவிட்டேன்' என்று அவன் எழுத முயலட்டும். பேனா அவ்விடத்தில் சற்று நேரம் நிற்கவே செய்யும்.