போனவர்களும் இருந்தவர்களும்

மார்கழி பிறந்ததும் அப்பாவின் நண்பர்கள் வீட்டுக்கு வரத் தொடங்குவார்கள். எண்பதுகளின் தொடக்கம். ஒருவரிடம் ஜீப் இருந்தது, இன்னொருவரிடம் இரட்டைக்குழல் துப்பாக்கி. நெல்லைச் சீமையின் குளங்கள் நிரம்பிக் கிடக்கும் காலம் அது. சனிக்கிழமை விடியும் முன் கிளம்பினால் ஞாயிறு இரவுதான் திரும்புவார்கள். சாக்கில் கிளுவையும் நாமக்கோழியும் இருக்கும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இலேயே வந்துவிட்டது. ஆனாலும் சில பறவைகளை உரிமம் பெற்றுச் சுட அதில் இடமிருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அந்தக் கதவை மூடியது. இவர்கள் உரிமம் எதுவும் வாங்கியதாக அம்மாவுக்கு நினைவில்லை.

அவர்கள் குளித்துவிட்டு வாசலில் உட்காரும்போது அம்மாவின் வேலை தொடங்கும். இறகு பிடுங்கி, தீயில் வாட்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு சதைக்குள் புதைந்த ஈயரவைகளை விரலால் தடவித் தடவி எடுப்பாள், எங்கள் பல்லில் கடிபடக் கூடாதென்று. எடுத்ததை ஒரு கிண்ணத்தில் போடுவாள். மிளகு மாதிரி கிடக்கும். அப்பா சொல்லும் கதைகளில் கரை வரும், பனி வரும், இடுப்பளவு தண்ணீரில் இறங்கியது வரும். அந்தக் கிண்ணம் வந்ததே இல்லை.

இரண்டு வருடங்களுக்கு முன், தை மாதத்தில், நானும் மூன்று தோழிகளும் கூந்தன்குளம் போனோம். கையில் இருநோக்கிகள் மட்டும். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. மஞ்சள்மூக்கு நாரைகள் வீடுகளுக்கு நடுவே நிற்கும் மரங்களிலேயே கூடு கட்டும். குளத்தில் இமயத்தைத் தாண்டி வந்த வரித்தலை வாத்துகள். இரண்டு இரவுகள்தான். அதற்குள் எத்தனை கேள்விகள்! யார் யார் போகிறீர்கள், கூட ஆம்பிளை உண்டா, பிள்ளைக்குச் சாப்பாடு என்ன, பறவையைப் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கிளம்பும் வரை இட்லி மாவு ஆட்டினேன். குளக்கரையில் நின்றபோதும் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் செல்பேசியை எடுத்துப் பார்த்தேன்.

உயிரைக் கொன்று திரும்பிய அப்பாவுக்கு உறுத்தல் இல்லை. வெறுமனே பார்த்துவிட்டு வந்த எனக்கு இருந்தது. வேட்டை தவறு, பார்ப்பது நல்லது என்று இதை எளிதாக முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. பிரிதலைப் பாலைக்கும் இருத்தலை முல்லைக்கும் வகுத்த இலக்கணம் நம்முடையது. பிரிபவன் தலைவன், இருப்பவள் தலைவி. அவள் வீட்டைவிட்டுப் போவதென்றால் உடன்போக்கு, அதுவும் அவனோடு. இவ்வளவு பழைய ஏற்பாட்டை மீறுகிறவளுக்கு நெஞ்சு கொஞ்சம் படபடக்காதா? அப்படித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன். தோழிகளிடமும் இதையே சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே.

திரும்பிய மறுநாள்தான் ஒன்று தெரிந்தது. எங்கள் வீட்டில் சமைக்கும் பெண் வழக்கமாகக் காலையில் மட்டும் வருவாள். நான் இல்லாத மூன்று நாளும் விடியற்காலையும் இரவும் வந்திருக்கிறாள். நான்தான் கேட்டிருந்தேன். அவள் வீட்டில் அந்த நாட்களில் சமைத்தது அவளுடைய பன்னிரண்டு வயது மகள். வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை.

கணவரை நினைத்தேன், மகனை நினைத்தேன், மாமியார் என்ன சொல்வாரோ என்று நினைத்தேன். இந்த இருவரும் அந்தக் குளக்கரையில் ஒரு தரமாவது என் நினைவுக்கு வரவில்லை. குற்றவுணர்வை மனசாட்சி என்றே எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் என்னுடையது, என்னைக் கேள்வி கேட்கும் உரிமை உள்ளவர்களை நோக்கியே போயிருக்கிறது. யாருடைய உழைப்பின் மேல் ஏறி நின்று நான் வாத்து பார்த்தேனோ, அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. அப்பாவை இத்தனை வருடம் எந்தக் குற்றத்துக்காகக் கோபித்துக்கொண்டேனோ, அதையே என் சுதந்திரம் என்ற பெயரில் செய்திருக்கிறேன். கூடுதல் பணம் கொடுத்தேன், உண்மைதான். அப்பாவும் பொங்கலுக்கு அம்மாவுக்குச் சேலை எடுத்துக்கொடுப்பார்.

அப்படியென்றால் நான் போயிருக்கக் கூடாதா? அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. சொன்னால் கேட்கக் காத்திருப்பவர்கள் நிறைய. வீட்டில் இரண்டு ஆண்கள் இருக்கிறார்கள். மகனுக்குப் பதினாறு வயது. அடுப்பு பற்றவைக்கத் தெரியாத பிள்ளை இல்லை. அவர்களிடம் ஒப்படைக்காமல் இன்னொரு பெண்ணிடம் ஒப்படைத்தது என் முடிவு. அவர்களோடு சண்டை போடுவதைவிட அவளைக் கேட்பது எளிதாக இருந்தது.

அம்மாவிடம் படங்களைக் காட்டினேன். ஒரு கிளுவையை வெகுநேரம் பார்த்தாள். "ஏட்டி, பறக்கும்போது றெக்கையில இப்படிப் பச்சையா மின்னுமா? எனக்கு இது கைக்கு எவ்வளவு கனம் இருக்கும்னுதான் தெரியும்" என்றாள்.

இந்தத் தைக்கும் போவதாக இருக்கிறோம். இம்முறை அந்தப் பெண்ணைக் கூப்பிடப் போவதில்லை என்று முடிவு செய்து, அந்த நாட்களுக்கும் சம்பளத்தோடு லீவு எடுத்துக்கொள் என்று சொன்னேன். பொங்கல் விடுமுறையோடு சேர்த்துத் தந்தால் மகளோடு இருப்பாள் என்பது என் கணக்கு.

"லீவுல வேண்டாம்க்கா" என்றாள். "எல்லாரும் வீட்ல இருப்பாங்க, நாள் பூரா அடுப்படியிலயே போயிரும். பள்ளிக்கூடம் நடக்கும்போது குடுங்க."