சாதாரணக் கிறீஸ்தவரின் மரணமும் நமது கடனும்



1752-ம் வருஷம் ஜனவரி மாதம் 14-ந் தேதி ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் வேதசாட்சி தேவசகாயம் பிள்ளை சுடப்பட்டு மரித்த வரலாறு உங்களுக்குத் தெரிந்ததே. அவருடைய எலும்புகளைக் கிறீஸ்தவர்கள் தேடியெடுத்துக் கோட்டாறு அர்ச். சவேரியார் கோயிலில் அடக்கம் செய்தார்கள். 2022-ம் வருஷம் மே 15-ந் தேதி உரோமாபுரியில் பிரான்சிஸ் பாப்பரசர் அவருக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் அளித்தார். இந்திய தேசத்து இல்லறத்தாரில் அந்த மகிமையை முதன்முதல் பெற்றவர் அவரே.

ஆனால் இன்று நாம் நினைக்க வேண்டியது அவரையல்ல, அவருடைய மனைவியை. பார்கவி என்ற அந்த அம்மாளும் கணவரைப் பின்பற்றி ஞானஸ்நானம் பெற்று, தெரேசா என்பதற்குத் தமிழில் வழங்கிய ஞானப்பூ என்னும் நாமத்தைத் தரித்துக்கொண்டார். கணவர் மரித்த பிறகு பிறந்த மண்ணை விட்டு, நம் திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியிலுள்ள வடக்கன்குளத்துக்கு வந்தார். 14 வருஷம் அங்கே விசுவாசத்தில் நிலைத்திருந்து, 1766-ல் மரித்து, அவ்வூர்க் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். புத்தகங்கள் அந்த 14 வருஷங்களை ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகின்றன.

தாண்டிப் போகலாமா? 14 வருஷம் என்றால் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட நாட்கள். ஒவ்வொரு நாளும் விடிகிறது. சுற்றத்தார் பக்கத்தில் இல்லை, கணவரும் இல்லை. பழைய வாழ்வுக்குத் திரும்பிப் போகிறேன் என்று எந்த நாளிலும் சொல்லியிருக்கலாம். வேதசாட்சியின் வீரத்தை நான் குறைக்கவில்லை. மூன்று வருஷச் சிறையையும் சித்திரவதையையும் சகித்தவர் அவர். என்றாலும், துப்பாக்கி வெடித்த நாளோடு அவருடைய போராட்டம் முடிந்தது. அந்த அம்மாளுடையது மறுநாள் காலையில் ஆரம்பித்தது.

நம் பாவூர்சத்திரத்தைச் சுற்றிலும் இப்படிப்பட்ட வாழ்வுக்குக் குறைவில்லை. மடியில் பீடித்தட்டை வைத்துக்கொண்டு, இலை வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டி, இடுப்பு வலியோடு கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, அந்தக் காசில் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார் எத்தனை பேர்! விடியுமுன்னே காய்கறிச் சந்தையில் மூட்டை சுமந்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெள்ளை வேட்டி கட்டிப் பூசைக்கு வந்து, பின்வரிசையில் நின்றுவிட்டுப் போன தகப்பன்மார் எத்தனை பேர்! அவர்கள் புதுமை எதுவும் செய்யவில்லை. சாகும்போது நமக்கு நாற்பது வயது என்றால், நாற்பது வருஷமும் நமக்காக ஜெபமாலை சொல்லியிருந்தார்கள். அவ்வளவுதான்.

"அவரவர் கடமையை அவரவர் செய்தார்கள், அதற்கு என்ன மரியாதை?" என்று கேட்பவர்களும் உண்டு. கடமையைத்தான் செய்தோம் என்று ஊழியன் சொல்ல வேண்டுமென்று சேசுநாதர் கற்பித்தது மெய்யே. ஆனால் அது ஊழியன் வாயிலிருந்து வரவேண்டிய வார்த்தை. கொஞ்சத்தில் உண்மையாயிருந்த ஊழியனைப் பற்றி எஜமான் பேசுவது வேறு விதம், அதையும் அவரே கற்பித்தார். அந்தத் தாயின் உழைப்பில் சாப்பிட்டு வளர்ந்த நாமோ ஊழியனுமல்ல, எஜமானுமல்ல, கடன்பட்டவர்கள். கடன்பட்டவன், "கொடுத்தவர் கடமைக்குத்தானே கொடுத்தார்" என்று பேசுவது அழகா?

சரி, கடனை எப்படிச் செலுத்துவது? இக்காலத்தில் கைக்கு எளிதான வழி பேருந்து நிலையத்தில் கண்ணீர் அஞ்சலித் தட்டி கட்டுவது. ஆள் உயரப் படம், கீழே பேரன்மார் வரை எல்லாருடைய படமும். மழை வந்தால் கிழிந்துவிடும். வேண்டாமென்று சொல்ல நான் யார்? துக்கத்துக்கு ஒரு வடிகால் வேண்டியதுதான். ஆனால் அந்தத் தட்டியில் செத்தவரைவிட உயிரோடிருப்பவர்கள் பெரிதாகத் தெரிவதைக் கவனித்திருக்கிறீர்களா?

அர்ச். அகுஸ்தீனின் தாயாராகிய அர்ச். மோனிக்கம்மாள், ஆப்பிரிக்காவில் தம் கணவரின் பக்கத்தில் அடக்கமாக வேண்டுமென்று வெகு காலமாக ஆசைப்பட்டு, கல்லறையும் ஏற்பாடு செய்து வைத்திருந்தவர். 387-ம் வருஷத்தில் இத்தாலி தேசத்து ஓஸ்தியாத் துறைமுகத்தில், அன்னிய மண்ணில், நோயாய்ப் படுத்தபோது அந்த ஆசையை விட்டுவிட்டார். என் உடலை எங்கேனும் புதையுங்கள், நீங்கள் எங்கேயிருந்தாலும் ஆண்டவருடைய பீடத்தில் என்னை நினையுங்கள் என்ற கருத்துப்படத் தம் மக்களிடம் கேட்டுக்கொண்டார். சலவைக்கல் கேட்கவில்லை. பூசையில் ஒரு நினைவு கேட்டார்.

இங்கே நம்மவர்கள் செய்யும் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். குழியில் மண் விழுமுன்னே, "எங்கள் அம்மா நேரே மோட்சத்துக்குப் போய்விட்டாள்" என்று தீர்த்துவிடுகிறோம். தேவசகாயம் பிள்ளைக்குத் திருச்சபை 270 வருஷம் எடுத்துக்கொண்ட காரியத்தை நாம் ஒரே மத்தியானத்தில் முடித்துவிடுகிறோம்! கேட்பதற்கு இது மரியாதைபோல இருக்கிறது. விளைவோ, அன்று முதல் அந்த ஆத்துமத்துக்காக ஒரு பரமண்டல மந்திரம் சொல்லவும் ஆளில்லை. உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமங்களுக்கு நம் புகழ்ச்சியால் பிரயோசனமில்லை. அம்மா நல்லவள்தான், ஆனால் கோபக்காரி, அடுத்த வீட்டுக்காரியோடு ஆறு வருஷம் பேசாமலிருந்தவள் என்றால், அதையும் ஒளிக்காமல் நினைத்து, அதற்காகவும் மன்றாடுவதே உண்மையான பாசம்.

இன்னும் ஒன்று. அந்த அடுத்த வீட்டுக்காரி இன்னும் உயிரோடிருந்தால், மகளாகிய நீங்கள் போய்ப் பேசலாம். தகப்பனார் கைமாற்றாக வாங்கியது தீராமலிருந்தால், கல்லறைக்குக் கிரானைட் போடுமுன் அதைத் தீருங்கள். வாசலில் வரும் ஒரு ஏழைக்கு அம்மா மாதந்தோறும் அரிசி கொடுத்துவந்திருந்தால், அந்தப் படி நிற்க வேண்டாம். அண்ணன் தம்பிகள் நிலத்துக்காக நீதிமன்றப் படியேறிக்கொண்டு, வருஷந்தோறும் ஆளுக்கொரு பூசை தனித்தனியாக ஒப்புக்கொடுப்பதை அந்தத் தாயின் ஆத்துமம் எப்படி ஏற்றுக்கொள்ளுமோ, நீங்களே யோசித்துப் பாருங்கள்.

2018-ல் பிரான்சிஸ் பாப்பரசர் எழுதிய நிருபம் ஒன்றில், பிள்ளைகளைப் பொறுமையோடு வளர்க்கும் பெற்றோரிலும், குடும்பத்துக்காகப் பாடுபடுகிற ஆண் பெண்களிலும் அடுத்த வீட்டு அர்ச்சியசிஷ்டதனத்தைத் தாம் காண்பதாகச் சொல்லியிருக்கிறார். நவம்பர் 1-ந் தேதி சகல அர்ச்சியசிஷ்டர்கள் திருநாளில் பேர் தெரியாத அத்தனை பேரையும் கொண்டாடுகிறோம். மறுநாளே மரித்த விசுவாசிகளுக்காக மன்றாடுகிறோம். நம் வீட்டுப் பெரியவர்கள் இந்த இரண்டு நாளில் எதற்கு உரியவர்கள் என்பது தேவனுக்குத் தெரியும். ஆகையால் இரண்டு நாளும் கோயிலுக்கு வாருங்கள்.

ஞானஸ்நானப் புத்தகம், விவாகப் புத்தகம் போலப் பங்குதோறும் மரணப் புத்தகம் ஒன்றும் உண்டு. அடக்கம் நடந்ததும் அதில் எழுதவேண்டுமென்பது திருச்சபைச் சட்டம். அநேகருக்கு அந்தச் சிறு குறிப்பே முழுச் சரித்திரம். வருகிற கல்லறைத் திருநாள் பூசைக்கு உங்கள் வீட்டாரின் பேர்களை எழுதும்போது, எழுதிக்கொடுக்க ஆளில்லாத ஒருவரையும் சேர்த்து எழுதுங்கள். கோயில் கூட்டிய கிழவியாயிருக்கலாம், பிள்ளையில்லாமல் மரித்த உபதேசியாராயிருக்கலாம். பேர் மறந்துபோயிருந்தால் சுவாமியாரைக் கேளுங்கள், புத்தகத்தைப் பார்த்துச் சொல்லுவார்.