ஓலைப் பாயும் மெருகுப் பெட்டியும்

பாறசாலைக்கு அணித்தான ஒரு சிற்றூரில் சென்ற மழைக்காலத்தில் ஓர் அன்னையார் காலமானார். பனையோலை முடைந்தே பிள்ளைகளை ஆளாக்கியவர். கடவம், சுளகு, பாய், அரிசிப் பெட்டி யாவும் அவர் கைப்பட்டே அவ்வீட்டில் நிறைந்திருந்தன. வளைகுடா நாட்டிலிருந்து வந்திறங்கிய மூத்த மகன், நகரத்தினின்றும் மெருகு பூசிய மரப்பெட்டி ஒன்றைத் தருவிக்க விரும்பினார். இளைய மகளோ, அம்மை முடைந்து பரண்மேல் சுருட்டி வைத்திருந்த புதுப்பாயை மூங்கிற் சட்டத்தில் இறுக்கிக் கட்டி, அதிலேயே அவரை மண்ணுக்கு அனுப்பவேண்டும் என்றார். "அண்ணா, அம்மையை அம்மையின் கைவேலையிலே கொண்டுபோகலாமே" என்ற அவரை மறுத்து, "பிச்சைக்காரியைப் புதைத்ததாக ஊர் சொல்லும்" என்று அண்ணன் கண்கலங்கினார். பின்பு இருவரும், "ஐயா, நீங்கள் சொல்லுங்கள்" என்று நம் முகத்தை நோக்கினர்.

நேயர்களே, எளிமையைப் பற்றிப் பல மேடைகளில் பேசிய நமக்கு அப்பொழுது உடனே விடை வரவில்லை. மகனுடைய ஆசையை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிட நம் மனம் ஒப்பவில்லை. பெற்றவளுக்கு உயிரோடிருக்கையில் செய்யத் தவறியதை இறுதி நாளிலேனும் செய்துவிடவேண்டும் என்னும் தவிப்பு அது. நன்றியறிதலைப் பகவான் புத்தர் உயர்ந்தோர் குணமாகக் கூறினார். ஆயின், அந்நன்றியைக் காட்டவேண்டியது பெட்டியின் விலையிலா என்பதே நம்முன் நின்ற வினா.

நாம் இளமையில் நூற்பாலையில் நின்று பஞ்சுத் தூசி தின்றவர். பஞ்சையும் பாலியஸ்டரையும் கலந்து நூற்ற கை இது. கடைப் பெட்டிகளின் உள்ளே விரிக்கும் பளபளப்பான துணியினின்றும் ஓர் இழையை உருவித் தீக்குச்சியைக் காட்டிப் பாருங்கள். பருத்தியாயின் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டராயின் உருகிச் சுருண்டு கரிய மணியாய் இறுகும். பெரும்பாலும் மணியே மிஞ்சும். அம்மணி மண்ணில் மக்குவதன்று. தாயின் எலும்பு கரைந்த பின்னும், புதைத்த பிள்ளையின் எலும்பு கரைந்த பின்னும் அத்துணி அங்கே கிடக்கும்.

அவ்வீட்டிற்கு இருந்ததோ மூன்று சென்ட் நிலம். அதன் ஒரு மூலையில் தந்தை உறங்குகிறார். நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்கள் அடுக்களையை ஒட்டியே தம் இறந்தோரைப் புதைக்கும் அவலத்தைக் கேரளம் அறியும். சிறுநிலத்துக்காரனுக்கு, மண் சென்றவரை விரைவில் ஏற்றுக்கொண்டு மீண்டும் மண்ணாதல் வேண்டும். மக்காத பெட்டியோ இறந்தவருக்கு நிலையான பட்டா எழுதிக்கொடுத்து, இருப்பவர்க்கு இடமில்லாமற் செய்கிறது.

இவ்வெண்ணம் நம்முடையது மட்டுமன்று. 1875-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிரான்சிஸ் சீமோர் ஹேடன் என்னும் அறுவை மருத்துவர், இறுக மூடிய பெட்டிகள் மண்ணின் வேலையைத் தடுக்கின்றன என்று லண்டன் 'டைம்ஸ்' இதழுக்கு எழுதினார். பிரம்புபோல் முடைந்த கூடைப் பெட்டிகளே தக்கவை என்றார். அவ்வாண்டே லண்டன் மாளிகை ஒன்றில் அத்தகைய பெட்டிகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. (பிரபுக்களும் சீமாட்டிகளும் கூடைப் பெட்டியைச் சுற்றிவந்து பார்த்த காட்சியை எண்ணினால் நமக்குச் சிறிது நகைப்பே வருகிறது, நம் நாட்டில் மூங்கிலும் தென்னங்கீற்றும் கொண்டு பாடை கட்டுவோருக்கு அது புதுமையன்று.) நம் பக்கத்திலேயே, ஆலப்புழை மாவட்டத்து அர்த்துங்கலில், 2022-இல் புனித ஜார்ஜ் ஆலயத்தார் பெட்டியைக் கைவிட்டு, பருத்தித் துணியிற் சுற்றி அடக்கம் செய்யத் தீர்மானித்தனர். கடலோர உப்பு மண்ணில் பெட்டியும் அதனோடு சேர்ந்த பிளாஸ்டிக்கும் மக்காமையே காரணம்.

இங்கே ஒருவர் எழுந்து, "பகவானுடைய திருமேனியைப் புதுத்துணியாலும் அடித்த பஞ்சாலும் மாறிமாறி ஐந்நூறு அடுக்குச் சுற்றினார்களே, நமக்கு மட்டும் பாயா?" என்று கேட்கலாம். கேள்வி நேர்மையானது. மகாபரிநிர்வாண சூத்திரம் அவ்வாறே உரைக்கிறது. ஆனால் தம் உடலுக்குரிய மரியாதையைப் பற்றிப் பிக்குகள் கவலையுறவேண்டா, தம் பயிற்சியிலே முயலுக என்று ஆனந்தருக்குப் பகவான் கூறியதும் அங்கேயே உள்ளது. பிக்குகளின் பழைய ஆடையோ, குப்பையிலும் சுடுகாட்டிலும் வீசிய துணியைப் பொறுக்கித் தைத்தது. இலங்கையில் இன்றும் சாவீட்டில் வெண்துணியைப் பிக்குகளுக்கு அளிக்கின்றனர். பாம்சுகூலம் என்பது அதுவே. இறந்தவர்பொருட்டு எடுத்த துணி இருப்பவர் உடலை மறைக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இயற்கைப் பெட்டி, கைந்நெசவுப் பெட்டி என்று விளம்பரம் செய்து, மெருகுப் பெட்டியினும் மிகுந்த விலைக்கு விற்போர் உலகில் உளர். அதனை வாங்கி வைத்து, "பார்த்தீரா எம் எளிமையை" என்று நிற்பவன், மகனினும் பெரிய ஆடம்பரக்காரன். மகனிடம் கண்ணீராவது இருந்தது. நெய்யாற்றின்கரைத் தாலுகாவிலேயே பாலராமபுரத்தில் குழித்தறியில் அமர்ந்து பருத்தி நெய்வோர் இருக்கிறார்கள்; பாலராம வர்மா மன்னர் காலத்தில் தமிழகத்தினின்றும் வந்து குடியேறிய நெசவாளரின் வழியினர் அவர்கள். கோடித்துணி வாங்கும் காசு அத்தறிக்குப் போயிற்றென்றால், அச்செலவை வீண் என்று நாம் சொல்லமாட்டோம்.

ஆகவே அன்றிரவு நாம் தீர்ப்பு ஒன்றும் சொல்லவில்லை. மூத்தவரை அழைத்து, "தம்பி, இவ்வூரில் பெட்டி என்றால் ஓலையில் முடைந்ததும் பெட்டிதானே? உம் தாயார் எத்தனை பெட்டி முடைந்திருப்பார்?" என்று மட்டும் கேட்டோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு எழுந்து பரணிலிருந்து பாயை இறக்கினார். ஓரம் ஒன்று எலி கடித்து இழை பிரிந்திருந்தது. அதைத் திரும்ப முடையத் தமக்குத் தெரியாது என்றார். தங்கை ஓலை நனைத்துக் கொண்டுவந்தார். விளக்கடியில் அண்ணன் பனைநார் கிழித்துக் கொடுக்க, தங்கை முடைந்தார். விரல் தவறிய இடத்தில் அக்கம்பக்கத்து மூதாட்டி ஒருத்தி குனிந்து திருத்திக் கொடுத்தாள். அது முடியும்போது பொழுது புலர்ந்துவிட்டது.