ஒத்துப்போனால் உண்மையா?

1796இல் கிரீன்விச் வானாய்வகத் தலைவர் மாஸ்கலின், தன் உதவியாளர் கின்னப்ரூக்கை வேலையை விட்டே அனுப்பினார். தொலைநோக்கிக் கம்பியை விண்மீன் கடக்கும் நேரத்தை, தன்னைவிட சுமார் 0.8 நொடி தாமதமாகக் குறிக்கிறார் என்பது குற்றச்சாட்டு. இரண்டு கணக்கும் வித்தியாசத்தை மட்டுமே சொல்லின. பிழை யாருடையது என்பதைப் பதவி சொன்னது. தேர்ந்த வானியலாளர்களும் இப்படி வேறுபடுவார்கள் என்று பின்னர் வானியலாளர் பெசல் காட்டினார். அளவுகளின் ஏற்ற இறக்கத்தைக் கண்காணிக்க ஷூவார்ட் 1924இல் வகுத்த கண்ட்ரோல் சார்ட் பதவி பார்ப்பதில்லை. அதே உருப்படிகளை ஒவ்வோர் ஆபரேட்டரும் பலமுறை அளந்தால், அதன் வீச்சு வரைபடம் ஒருவர் தன் அளவையே எவ்வளவு சீராகத் திரும்பப் பெறுகிறார் என்று காட்டும். சராசரி வரைபடங்களை அடுத்தடுத்து வைத்தால் ஆளுக்கு ஆள் உள்ள விலகல் தெரியும். சீரானவரும் விலகியிருக்கலாம்.

எல்லோரும் ஒத்துப்போனால் போதாதா என்று கேட்கலாம். போதாது: தேய்ந்த மைக்ரோமீட்டர் ஒன்றையே எல்லோரும் பயன்படுத்தினால், ஒற்றுமையாகவே தவறுவார்கள், சார்ட் வாய் திறக்காது. தர அளவோடு ஒப்பிடலாமே என்றால், அதுவும் மனிதர் ஏற்ற உடன்பாடுதான். கிலோகிராமுக்கே தரமாகப் பாரிஸ் அருகே வைத்திருந்த உருளையும் அதன் நகல்களும் நூறாண்டில் ஒன்றிலிருந்து ஒன்று சுமார் 50 மைக்ரோகிராம் விலகின. மாறியது எது என்று சொல்ல வழியில்லை. 2019 வரை, வரையறைப்படி, அந்த உருளை தவறவே முடியாததாக இருந்தது.