சரணடைந்தவரும் மாண்டவரும்

போரில் உயிர்நீத்த வீரரின் தியாகம் உயிரோடிருப்போர்மீது எத்தகைய கடமையைச் சுமத்துகிறது என்பது சமயங்களும் அரசியல் தத்துவமும் நெடுங்காலமாக எதிர்கொண்டுவரும் கேள்வி. 2001 செப்டம்பர் 11 தாக்குதல்களுக்குப் பிந்தைய அமெரிக்காவில் அந்தக் கேள்வி, பிடிபட்ட எதிரியை எப்படி நடத்துவது என்னும் இன்னொரு கேள்வியோடு பின்னிக்கொண்டு, நாடாளுமன்றத்திலும் நீதிமன்றங்களிலும் தேவாலயங்களிலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக விவாதிக்கப்பட்டது. அந்த விவாதத்தில் மாண்டோரின் பெயர் இரு விதமாக எடுத்தாளப்பட்டது. இத்தனை பேர் இறந்த பின்னர் போரை நிறுத்தினால் அவர்கள் வீணாக இறந்ததாகிவிடும், ஆகவே போர் தொடர வேண்டும் என்றது ஒரு வாதம். நம் பிள்ளைகள் களத்தில் செத்துக்கொண்டிருக்கும்போது எதிரியின் ஆளிடம் சட்டமும் இரக்கமும் பேசுவது அவர்களுக்குச் செய்யும் துரோகம், ஆகவே தகவலுக்காகக் கைதியின் உடலை வருத்தலாம் என்றது மற்றொன்று. இரண்டுக்கும் வேர் ஒன்றே. உயரிய நோக்கம் தியாகத்துக்கு மதிப்பளிக்கிறது என்ற முறையைத் தலைகீழாக்கி, செய்யப்பட்ட தியாகமே நோக்கத்தையும் வழிமுறைகளையும் தூய்மையாக்கிவிடும் என்று இவ்விரு வாதங்களும் கொள்கின்றன.

இந்தத் தலைகீழாக்கத்தின் ஆபத்தை இஸ்ரேலியத் தத்துவ அறிஞர் மோஷே ஹல்பெர்தால், தியாகம் குறித்து 2012-இல் வெளிவந்த தம் நூலில் நுணுகி ஆராய்கிறார். தன்னலத்தைக் கடந்துவிட்டோம் என்னும் உணர்வே மனிதர்களைப் பெருங்கொடுமைகளுக்குத் துணியச் செய்கிறது, ஏனெனில் தனக்காக எதையும் வேண்டாதவன் தான் செய்வது தவறாக இருக்கக்கூடும் என்று ஐயுறுவதில்லை என்பது அவர் காட்டும் உண்மை. தன்னலத்தால் நிகழும் குற்றங்கள் பேராசை தணிந்ததும் ஓய்ந்துவிடக்கூடும். தியாகத்தின் பெயரால் நிகழ்வனவற்றுக்கோ அப்படியோர் எல்லை கிடையாது, ஒவ்வொரு புதிய இறப்பும் அடுத்த இறப்புக்கான காரணமாகிவிடுகிறது.

அமெரிக்க வரலாற்றில் இவ்விரு கேள்விகளும் ஒரே ஆண்டில், ஒரே அதிபரின் கையொப்பத்தின்கீழ் சந்தித்ததுண்டு. உள்நாட்டுப் போரின் நடுவே, 1863 நவம்பரில் கெட்டிஸ்பர்க் போர்க்களத்து இடுகாட்டில் ஆபிரகாம் லிங்கன் ஆற்றிய சிற்றுரை, மாண்டோர் வீணாக மாண்டவராகக் கூடாது என்ற உறுதிமொழியை அமெரிக்கப் பொதுவாழ்வின் நிலையான மொழியாக்கியது. அதற்கு ஏழு மாதங்கள் முன்னதாக, அதே ஆண்டு ஏப்ரலில், படைகளின் நடத்தைக்கான நெறிமுறைத் தொகுப்பொன்றை அவர் பிறப்பித்திருந்தார். அதை வரைந்தவர் பெர்லினில் பிறந்து, இளமையில் நெப்போலியனுக்கு எதிராகப் போரிட்டுக் காயம்பட்டு, பின்னர் நியூயார்க்கில் பேராசிரியராக விளங்கிய ஃபிரான்சிஸ் லீபர். வடக்கு, தெற்கு மாநிலங்களுக்கிடையிலான அந்த உள்நாட்டுப் போர் அவர் குடும்பத்தையே இரண்டாகப் பிளந்திருந்தது: ஒரு மகன் தெற்கத்திய அணியில் போரிட்டு இறந்தான்; இன்னொரு மகன் வடக்கத்திய அணியில் போரிட்டு ஒரு கையை இழந்தான். பழிவாங்கும் உணர்வு எளிதாகக் குடிகொண்டிருக்கக்கூடிய அந்தத் தந்தை எழுதிய 157 விதிகளில், போர்த்தேவை எதுவாயினும் அது கொடுமையையும், வாக்குமூலம் பெறுவதற்கான சித்திரவதையையும் அனுமதிக்காது என்னும் விதியும், கைதிகளிடமிருந்து தகவல் பறிக்க வன்முறையைக் கையாளலாகாது என்னும் விதியும் இடம்பெற்றன. லீபரின் தொகுப்பு மென்மையான ஆவணமன்று. பகை நாட்டைப் பட்டினி போடுவதையும் அது ஏற்றது. இந்தக் கடுமைக்கு நடுவிலும் கைதியின் உடலுக்கு அது வகுத்த எல்லை அசையவில்லை. கெட்டிஸ்பர்க் உரையை மனனம் செய்யும் நாடு இந்த விதிகளையும் அதே அளவு மதித்திருந்தால், மாண்டோருக்குச் செலுத்தும் கடன் எது என்ற கேள்விக்கு வேறொரு விடை அதன் நினைவில் நின்றிருக்கும்.

அந்த எல்லைக்கான தத்துவ அடிப்படை, போரில் கொல்லுதல் ஏன் கொலைக்குற்றமாகக் கருதப்படுவதில்லை என்பதிலேயே அடங்கியிருக்கிறது. எத்தகைய போர் நியாயமானது, அதில் எவை செய்யத்தக்கவை என்று வரையறுக்கும் நீதிப்போர்க் கோட்பாட்டின் முன்னோடியாகக் கருதப்படும் புனித அகஸ்தின், ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போனிஃபாஸ் என்ற ரோமானியத் தளபதிக்கு எழுதிய கடிதத்தில், எதிர்த்து நிற்பவனைக் கொல்வது விருப்பத்தால் ஆகாமல் கட்டாயத்தால் ஆக வேண்டும் என்றும், தோற்றவனுக்கும் பிடிபட்டவனுக்கும் இரக்கம் உரியது என்றும் அறிவுறுத்தினார். 1762-இல் மெய்யியலாளர் ரூசோ இதைச் சமயச் சார்பின்றி விளக்கினார்: போர் என்பது அரசுகளுக்கிடையிலான உறவு, தனிமனிதர்கள் அதில் படைவீரர் என்ற முறையில் தற்செயலாகவே பகைவராகின்றனர், ஆயுதத்தைக் கீழே வைத்த கணத்தில் அவர்கள் மீண்டும் வெறும் மனிதராகிவிடுவதால் அவர்கள் உயிர்மீது எவருக்கும் உரிமையில்லை. களத்தில் எதிரெதிரே நிற்கும் இருவரும் ஒருவரையொருவர் கொல்லக்கூடியவர்கள். இருவரும் தம் உயிரைப் பணயம் வைத்தவர்கள். இந்தச் சமநிலையே வீரனின் செயலைக் கொலையிலிருந்து பிரித்துக்காட்டுகிறது, அவன் இறப்பைத் தியாகமாகவும் ஆக்குகிறது. கைவிலங்கிடப்பட்டுக் கண்கட்டப்பட்டு அறைக்குள் நிற்பவன் எவரையும் கொல்ல இயலாதவன், அவனை வதைப்பவனோ எதையும் பணயம் வைக்காதவன். ஆகவே வதைக்கூடத்தைப் போர்க்களத்தின் நீட்சியாகச் சித்திரிப்பது, போர்வீரனின் மாண்பை அந்த மாண்புக்கு இடமேயில்லாத ஓரிடத்துக்குக் கடன் கொடுப்பதாகும்.

அமெரிக்க மெய்யியலாளர் ஹென்றி ஷூ, 1978-இல் எழுதிய கட்டுரையில் இந்த வேறுபாட்டையே மையமாக்கி, சித்திரவதையின் தனித்த கொடுமை அது தற்காப்பற்றவர்மீதான தாக்குதலாக இருப்பதில் உள்ளது என்றார். மெய்யியலாளர் டேவிட் சஸ்மன் 2005-இல் ஒரு படி மேலே சென்று, வதைக்கப்படுபவரின் உடலும் உணர்வுகளுமே அவருக்கு எதிரான கருவிகளாக்கப்பட்டு, தன்னையே காட்டிக்கொடுப்பவராக அவர் ஆக்கப்படுகிறார் என்று காட்டினார். இறையியல் மொழியில் சொன்னால், இறைவனின் சாயல் என்று போற்றப்படும் ஒன்றை, உயிரை விட்டுவைத்துக்கொண்டே உள்ளிருந்து குலைக்கும் முயற்சி அது.

செப்டம்பர் 11 தாக்குதல்களைத் தொடர்ந்து, பிடிபட்டோரை அடைக்க 2002 ஜனவரியில் அமெரிக்காவின் குவாண்டனாமோ தடுப்பு முகாம் திறக்கப்பட்டது. அடுத்த மாதம், போரில் எவரையும் கொடுமையாக நடத்தலாகாது என்று குறைந்தபட்சப் பாதுகாப்பு வழங்கும் ஜெனீவா உடன்படிக்கைகளின் பொதுவான மூன்றாம் பிரிவு, அத்தாக்குதல்களை நடத்திய அல்-காய்தா இயக்கத்தின் கைதிகளுக்குப் பொருந்தாது என்று அதிபர் புஷ் தீர்மானித்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் நீதித்துறை வழங்கிய கருத்துரை, உறுப்புச் செயலிழப்போ இறப்போ விளைவிக்கும் அளவு கடுமையான வலி மட்டுமே சித்திரவதையாகும் என்று அதன் வரையறையைச் சுருக்கியது. 2004-இல், இராக்கிலுள்ள அபு கிரைப் சிறையில் அமெரிக்கப் படையினர் கைதிகளைக் கொடுமைப்படுத்திய படங்கள் வெளியாயின. நாடாளுமன்ற மேலவையான செனட்டின் உளவுத்துறைக் குழு 2014 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கைச் சுருக்கத்தின்படி, அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏயின் காவலில் இருந்த 119 பேரில் குறைந்தது 26 பேர் பிடித்துவைப்பதற்கான வரையறைக்கே உட்படாதவர்கள். ஒரு கைதிக்கு மூச்சுத்திணறும்படி முகத்தில் நீரூற்றும் வதை 183 முறை செய்யப்பட்டது.

கிறித்தவச் சமூகங்களின் நடத்தை இங்கே தனித்த கவனத்துக்குரியது. வாரந்தோறும் வழிபாட்டுக்குச் செல்லும் அமெரிக்கர்களில் 54 விழுக்காட்டினர், சந்தேகத்துக்குரிய பயங்கரவாதிகளைச் சித்திரவதை செய்வது அடிக்கடியோ சில வேளைகளிலோ நியாயமானது என்று கூறியதாகவும், அரிதாகச் செல்வோரிடையே இந்த விகிதம் குறைவாக இருந்ததாகவும் பியூ ஆய்வு மையம் 2009-இல் கண்டறிந்தது. அரசு ஒன்றின் காவலில் கசையடி பட்டு, ஏளனம் செய்யப்பட்டு, பொதுவெளியில் வதைத்துக் கொல்லப்பட்ட ஒருவரை வழிபடும் சமயம் அது. நண்பர்களுக்காகத் தன் உயிரைக் கொடுப்பதினும் மேலான அன்பில்லை என்ற யோவான் நற்செய்தியின் கருத்து போர் நினைவுச் சின்னங்களில் பொறிக்கப்படுகிறது. அக்கருத்து தன் உயிரைக் கொடுப்பதைப் பற்றியது, பிறர் உடலை எடுத்துக்கொள்வதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. திருச்சபையின் வரலாறும் இதில் களங்கமற்றதன்று: 1252-இல் திருத்தந்தை நான்காம் இன்னொசென்ட், சமய விரோதக் குற்றம் சாட்டப்பட்டவர்களை வதைத்து விசாரிக்க ஒப்புதல் அளித்தார், 1965-இல்தான் இரண்டாம் வத்திக்கான் சங்கம், உடலையும் மனத்தையும் வதைப்பதை மனித மாண்புக்கு எதிரான இழிசெயல்களின் வரிசையில் வைத்தது. இந்த நீண்ட கசப்பான பாடத்தை அறிந்தோர் அமெரிக்காவிலும் இருந்தனர். 2006-இல் பிரின்ஸ்டனில் இறையியலாளர் ஜார்ஜ் ஹன்சிங்கரின் முன்முயற்சியில் உருவான, சித்திரவதைக்கு எதிரான தேசியச் சமய இயக்கத்தில் பல்வேறு சமயத்தார் இணைந்தனர்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் நேர்மையாக எடைபோட வேண்டும். நகரத்தில் வெடிகுண்டு வைக்கப்பட்டிருக்கிறது, இடம் அறிந்த ஒருவன் காவலில் இருக்கிறான், நேரம் குறைவு என்னும் கற்பனைச் சூழலில் வதையைத் தவிர்ப்பது ஆயிரம் பேரின் சாவுக்கு உடன்படுவதாகாதா என்பது அது. அரசியல் தத்துவ அறிஞர் மைக்கேல் வால்சர் 1973-இல் எழுதிய, ஆட்சியாளரின் கறைபடிந்த கைகள் பற்றிய புகழ்பெற்ற கட்டுரை இதற்கு ஒரு விடை தருகிறது: அத்தகைய நெருக்கடியில் ஆட்சியாளர் வதைக்கு ஆணையிட நேரலாம், ஆனால் தான் செய்தது குற்றம் என்று ஒப்பி அதன் சுமையையும் தண்டனையையும் ஏற்பவராக அவர் இருக்க வேண்டும். அமெரிக்காவில் நடந்தது இதற்கு நேர்மாறானது. குற்றத்தைக் குற்றமல்ல என்று காட்டச் சட்டக் கருத்துரைகள் எழுதப்பட்டன. அபு கிரைப் நிகழ்வுகளுக்காகத் தண்டிக்கப்பட்ட 11 பேரும் கீழ்நிலைப் படையினர். 2002 ஆகஸ்டுக் கருத்துரையில் கையொப்பமிட்ட ஜே பைபி கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிபதியாகத் தொடர்ந்தார். நாட்டுக்காகக் கையைக் கறைப்படுத்திக்கொண்டோம் என்றவர்கள் அந்தக் கறைக்கான விலையைத் தமக்குக் கீழிருந்தவர்களைக் கொடுக்கவைத்தனர். இறையியலாளர் ஸ்டான்லி ஹாவர்வாஸ், போர் படைவீரரிடம் கேட்கும் மிகப் பெரிய தியாகம் உயிரன்று, கொல்ல விரும்பாத அவர் மனத்தையே அது பலியாகக் கேட்கிறது என்று வாதிட்டார். வதைக்கூடத்தில் காவல் நிற்குமாறு பணிக்கப்பட்ட இளைஞனிடம் அதனினும் கொடிய பலி கேட்கப்பட்டது, அந்தப் பலிக்கு நாடு நினைவுச் சின்னம் எதையும் எழுப்பப்போவதில்லை.

தியாகத்தின் பெயரால் வதையை மறுத்த குரல்கள் படைக்குள்ளிருந்தே எழுந்தன என்பது இந்த விவாதத்தில் போதிய அளவு நினைக்கப்படுவதில்லை. இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பணியாற்றிய கேப்டன் இயன் ஃபிஷ்பாக், கைதிகளை நடத்துவதற்குத் தெளிவான விதிகளைக் கேட்டு மேலதிகாரிகளிடம் நீண்ட காலம் முறையிட்டும் பயனின்றி, 2005 செப்டம்பரில் செனட்டர் ஜான் மெக்கெய்னுக்குக் கடிதம் எழுதினார். தன் நாட்டின் இலட்சியத்தில் மிகச் சிறிய பகுதியைக் கைவிடுவதைவிடப் போரிட்டுச் சாவதே மேல் என்பது அக்கடிதத்தின் நிலைப்பாடு. வியட்நாமில் ஐந்தரை ஆண்டுகள் கைதியாக வதைபட்ட மெக்கெய்ன் கொண்டுவந்த, கொடுமையான நடத்தையைத் தடைசெய்யும் திருத்தம் அடுத்த மாதமே செனட்டில் 90–9 என்ற வாக்குகளில் நிறைவேறியது. உயிரைக் கொடுக்க ஆயத்தமாக இருந்த ஃபிஷ்பாக்குக்கு எதற்காகக் கொடுக்கிறோம் என்பது தெளிவாக இருந்தது. அந்த இலட்சியத்தை விற்றுத் தன் உயிரைக் காப்பாற்றுமாறு அவர் எவரையும் கேட்கவில்லை.

மாண்டோரின் பொருட்டே செய்யப்பட்டதாகச் சொல்லப்பட்ட வதை மாண்டோருக்கு என்ன அளித்தது என்பதற்குக் அமெரிக்கக் கடற்படையின் கோல் போர்க்கப்பல் வழக்கு சான்றாகிறது. 2000 அக்டோபர் 12 அன்று ஏமனின் ஏடன் துறைமுகத்தில் அக்கப்பல்மீது நடந்த தற்கொலைத் தாக்குதலில் அமெரிக்கக் கடற்படையினர் 17 பேர் இறந்தனர். தாக்குதலைத் திட்டமிட்டவர் என்று குற்றம் சாட்டப்பட்ட அப்துல் ரகீம் அல்-நஷிரி 2002-இல் பிடிபட்டு, நான்கு ஆண்டுகள் சிஐஏயின் இரகசியச் சிறைகளில் வைத்து வதைக்கப்பட்ட பின் குவாண்டனாமோவுக்குக் கொண்டுவரப்பட்டார். அங்கே 2007-இல் வேறு அதிகாரிகள் எவ்வித வன்முறையுமின்றி அவரிடம் பெற்ற வாக்குமூலம் வழக்கின் முதன்மைச் சான்றுகளில் ஒன்றாக முன்வைக்கப்பட்டது. அந்த வாக்குமூலம் முந்தைய வதையின் தாக்கத்திலிருந்து விடுபட்டதன்று என்று கூறி, படைத்துறை நீதிபதி 2023 ஆகஸ்டில் அதை நிராகரித்தார். தாக்குதல் நடந்து ஏறத்தாழ 23 ஆண்டுகள் ஆகியிருந்த அப்போதும், அந்த 17 பேரின் குடும்பத்தார் காத்திருந்த விசாரணை தொடங்கியிருக்கவில்லை.